முழம்கூட இல்லாத தொலைநோக்கி

சிலியின் சான் பெட்ரோ டி அட்டகாமா ஊரே 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் மலையேற விடுகிறார்கள். கிழக்கே ஏறும் நெடுஞ்சாலையில் லிக்கன்காபுர் எரிமலை வெகுநேரம் இடப்பக்கமே கூட வருகிறது. செர்ரோ டோக்கோ மலைச்சரிவில், 5,200 மீட்டரில், வண்டி நின்றது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இறங்கினேன். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

ஆனால் இந்த வறண்ட காற்றுக்காகத்தான் சைமன்ஸ் வானாய்வகத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அது பார்க்கும் நுண்ணலைகளை விழுங்குவது நீராவி. அட்டகாமாவில் அது அருமையிலும் அருமை.

பிறந்த முதல் நொடியின் எண்ணிப் பார்க்க முடியாத சிறு துளியில் பிரபஞ்சம் திடீரென ஊதிப் பெருத்தது என்கிறது பெருவீக்கக் கோட்பாடு. 1980-ஐ ஒட்டி அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் கூத், அடுத்து ஆந்த்ரே லிண்டே, பால் ஸ்டைன்ஹார்ட் போன்றோர் கட்டியெழுப்பியது அது. அப்படி ஊதியிருந்தால் ஈர்ப்பு அலைகள் கிளம்பியிருக்க வேண்டும். சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஆதி ஒளியின் தளவிளைவில், அதாவது ஒளியலை அதிரும் திசையில், அவை மெல்லிய சுழிகளைப் பதித்திருக்க வேண்டும். பி-மோடு எனப்படும் அந்தச் சுழிகளுக்குத்தான் இங்கே வேட்டை.

வளாகத்தில் முதலில் கண்ணில் படுவது 6 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி. உடன் வந்த பொறியாளரோ அதைத் தாண்டி, உலோகத் தடுப்புச் சுவர் சூழ்ந்த சின்னக் கருவிகளின் பக்கம் அழைத்துப் போனார். அவற்றின் வாய் 42 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை. தேடும் சுழிகள் வானில் ஏறக்குறைய இரண்டு பாகை அகலம், அதாவது நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த நீளம். அதைப் பார்க்கப் பெரிய ஆடி தேவையில்லை. தேவைப்படுவது குளிரும் நிதானமும்.

குளிரூட்டிகள் விட்டுவிட்டுக் கீச்சிடுகின்றன. உள்ளே மீக்கடத்தி உணரிகள் 0.1 கெல்வினில் உறைந்திருக்கின்றன. அவை அளக்கும் ஆதி ஒளியின் வெப்பநிலையே 2.725 கெல்வின்தான், அதைவிடவும் குளிர்ந்திருந்தால்தான் கருவியின் சொந்தச் சூடு குறுக்கே வராது. அவற்றுக்கு முன்னால், காந்தத்தில் மிதந்தபடி நீலக்கல் தகடு ஒன்று நொடிக்கு இரண்டு முறை சுழல்கிறது. தளவிளைவு கொண்ட ஒளி மட்டும் அந்தச் சுழற்சிக்கு ஏற்றபடி துடிக்கும். மெதுவாக மாறும் காற்றின் இரைச்சல் துடிக்காது. இரண்டையும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். தரையின் வெப்பம் உள்ளே வராதபடி பார்த்துக்கொள்வது வெளியே நிற்கும் தடுப்புச் சுவர்.

இத்தனையும் கழித்த பிறகும் நம் பால்வீதியின் தூசி மிஞ்சும். 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 குழு சுழிகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. அது பார்த்தது 150 ஜிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். பிளாங்க் செயற்கைக்கோள் 353 ஜிகாஹெர்ட்ஸில் எடுத்த வரைபடத்தோடு ஒப்பிட்டதும், தெரிந்ததில் பெரும்பங்கு தூசி என்பது 2015-க்குள் உறுதியானது. அதனால்தான் இங்கே 27 முதல் 280 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஆறு அலைவரிசைகளுக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். தூசி ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் பளிச்சிடும். ஆதி ஒளியின் நிறமாலை மாறாது.

திரும்பும் வழியில் பெரிய தொலைநோக்கியின் அடியில் நின்றோம். வழியிலுள்ள விண்மீன் திரள்களின் ஈர்ப்பு, ஆதி ஒளியை வளைத்துப் போலிச் சுழிகளை உண்டாக்கும். அந்த வளைவை நுணுக்கமாக வரைந்து கழித்துக்கொடுப்பதும் இதன் வேலைகளில் ஒன்று. பெரியது சின்னதற்கு எடுபிடி!

ஈர்ப்பு அலைகளின் வலிமையை ஆதிப் பிரபஞ்சத்தின் அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிடும் விகிதத்துக்கு 'ஆர்' என்று பெயர். பாடநூல்களில் வரும் மிக எளிய மாதிரி ஒன்று அதை 0.13 என்றது. தென்துருவக் குழு 2021-இல் 0.036-க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று காட்டியது. அந்த மாதிரியின் கதை முடிந்தது. ஸ்டாரோபின்ஸ்கியின் மாதிரி 0.003, 0.004 என்கிறது, அது இன்னும் களத்தில் நிற்கிறது. இதே மலையில் 2022 வரை இயங்கிய அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கியின் தரவு 2025-இல் அதையும் நெருக்கியிருக்கிறது. அடர்த்தி ஏற்றத்தாழ்வுகள் அளவுக்கேற்ப எப்படி மாறுகின்றன என்று சொல்லும் குறியீட்டெண் பிளாங்க் கணக்கில் 0.965; அட்டகாமா, பிளாங்க் தரவுகளோடு விண்மீன் திரள் அளவீடுகளையும் சேர்த்தபோது 0.974. ஸ்டாரோபின்ஸ்கி மாதிரிக்கு ஒத்துவருவது முதல் எண்தான்.

பெருவீக்கம் எந்த விடைக்கும் வளைந்துகொடுக்கும், அதைப் பொய்ப்பிக்கவே முடியாது என்று ஸ்டைன்ஹார்டே இன்று வாதிடுகிறார். கோட்பாட்டை ஒட்டுமொத்தமாக எடுத்தால் அதற்கு முழுப் பதில் இந்த மலையில் இல்லை. ஆனால் கோட்பாடு என்பது தனித்தனி மாதிரிகளாகத்தான் எண்ணைச் சொல்கிறது. எண்ணைச் சொன்ன மாதிரி இங்கே மாட்டிக்கொள்கிறது. சுழி அகப்பட்டால் பெரிய செய்தி. அகப்படாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டுத் தரவும் பட்டியலிலிருந்து சில பெயர்களை அடித்துவிடும். அறிவியலில் அதுவும் சம்பளத்துக்கு ஏற்ற வேலைதான்.