திரையில் ஒன்றும் தெரியவில்லை

"கண்ணு, கம்ப்யூட்டரு ஓடுது. உள்ளே விசிறி சுத்தற சத்தம் கேக்குது. ஆனா டிவியில ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்னது 2011 நவம்பரில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில். மானிட்டரை அவர் கடைசிவரை டிவி என்றுதான் சொல்லிவந்தார். நான் திருத்தியதில்லை.

அவர் கிளியூரில் தனியாக இருந்தார். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கீழே விழுமிடத்தைக் கிளியூர் அருவி என்று சுற்றுலா வருபவர்கள் அறிவார்கள். அருவிக்கு அப்பாலும் ஓர் ஊர் இருக்கிறது, அதில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த காப்பிச்செடி, பெரியப்பாவின் தலைமுறைக்கும் சோறு போட்டது. முப்பத்து நான்கு வருடங்கள் ஓர் எஸ்டேட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே சிறிய வீடு ஒன்றை வாங்கிக்கொண்டார்.

2004-இல் அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அந்தக் கணினியை வாங்கிக் கொடுத்தாள். பெண்டியம் 4, பெரிய பின்புறம் கொண்ட கண்ணாடிக் குழாய் மானிட்டர். தமிழ்த் தட்டச்சுப்பொறியில் பழகிய விரல்கள் என்பதால் பெரியப்பாவுக்கு அது பிடிபட ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழைய தட்டச்சு விசை அமைப்பில் இயங்கும் ஒரு தமிழ் மென்பொருளை நான்தான் நிறுவிக் கொடுத்தேன். பெரியம்மா 2007-இல் காலமானபிறகு அவர் தினமும் மாலையில் அதன்முன் அமர்வதாகக் கேள்விப்பட்டோம். என்ன எழுதுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எஸ்டேட் அனுபவங்களாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

"டவுனிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்து காட்டினேன். மதர்போர்டு போயிடுச்சுங்கறான். ஹார்டு டிஸ்கும் போயிருக்குமாம். பழசைக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டு இருநூறு ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார். சற்று இடைவெளி விட்டு, "அதுல இருக்கறது எல்லாம் போயிடுமா கண்ணு?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், சேலத்தில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில். மறுநாள் காலை முதல் பேருந்தில் ஏறிவிட்டேன்.

*

நான் பொறியாளன் அல்லன். சேலத்தில் பத்து வருடங்கள் டி.டி.பி. நிலையம் நடத்தியவன். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கும்பாபிஷேக அழைப்பும் நாளைக் காலைக்குள் தரவேண்டும் என்ற நெருக்கடியில் கணினி நின்றுபோனால், யாரையும் எதிர்பார்க்காமல் அதன் மூடியைத் திறந்து பார்க்கப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம்தான் என் படிப்பு.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மேகத்துக்குள்ளாகவே கடந்து போனோம். வீட்டுக்குள்ளும் மேகம்தான் இருந்தது. சன்னலோரத்தில் மேசை, அதன்மேல் கணினி. பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பெரியம்மாவின் பழைய சேலையில் தைத்த துணி உறை ஒன்று. மழைக்காலத்தில் ஈரம் படாமலிருக்க அவர் செய்த ஏற்பாடு. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் வைத்திருந்ததும் அந்த ஏற்பாடுதான்.

கணினி விழித்தெழுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் சிறு நிரல் முதலில் எழுகிறது. செயலியும் நினைவகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. அதன்பிறகே படத்தை உருவாக்கும் பகுதியை எழுப்புகிறது. வன்தட்டைத் தேடிப் போவது அதற்கும் பின்னால். எனவே திரை இருண்டிருக்கிறது என்றால் கணினி பெரும்பாலும் வன்தட்டின் வாசலுக்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். திரையில் ஒன்றும் தெரியாததை வைத்துக்கொண்டு வன்தட்டு போய்விட்டது என்று சொல்வது, வாசற்கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டிலிருப்பவர்கள் இறந்துவிட்டார்கள் என்பதைப் போன்றது.

பெரியப்பாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் கணக்கு எழுதியவர். வரிசைமுறை என்றால் அவருக்குப் புரியும். "அப்போ டிஸ்க்குல இருக்கறது இருக்கும்?" என்றார். "பெரும்பாலும் இருக்கும் பெரியப்பா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

மானிட்டரிலிருந்து தொடங்கினேன். அதன் மின்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு, கணினியின் பின்பக்கத்தில் செருகியிருந்த படக் கம்பியை மட்டும் உருவினேன். சிறிது நேரத்தில் திரையில் சிக்னல் இல்லை என்று சொல்லும் வண்ணக் கட்டம் வந்தது. திரை உயிரோடு இருக்கிறது. அதற்குச் சொல்லத்தான் யாரும் இல்லை. பதினைந்து ஊசிகளில் எதுவும் வளைந்திருக்கவில்லை. வாசகர்களில் பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கண்ணாடிக் குழாயின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடிய உயர் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

அடுத்தது விசைப்பலகை. நம்லாக் விசையை அழுத்தினேன். விளக்கு மாறவில்லை. அது மாறியிருந்தால் கணினி உள்ளே இயங்குகிறது, படம் மட்டும் வரவில்லை என்று கொள்ளலாம். மாறவில்லை என்பதால் கணினி விழிக்கவே இல்லை. பெரியப்பா கேட்ட சத்தம் வெறும் விசிறியின் சத்தம்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே, பெட்டியின் முன்புறத்திலிருந்து வரும் சிறிய ஒலிபெருக்கியின் கம்பி எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. திரை எழுவதற்குமுன் கணினிக்குப் பேசத் தெரிந்த ஒரே மொழி அந்த ஒலிபெருக்கியில் எழும் பீப் ஒலிகள்தாம். ஒரு சிறிய ஒலி என்றால் நலம். மற்ற ஒலிக்கோவைகள் ஒவ்வொன்றும் ஒரு நோயின் பெயர்; அவையும் பயாஸுக்குப் பயாஸ் மாறும். கம்பியை உரிய ஊசிகளில் செருகி மறுபடி இயக்கினேன். நீண்ட ஒலி. இடைவெளி. மறுபடியும் நீண்ட ஒலி. அந்த வகை பயாஸில் அதற்கு நினைவகத்தில் கோளாறு என்று பொருள். அத்தனை நாளும் அது அதையேதான் சொல்ல முயன்றிருக்கவேண்டும். கேட்க வழியில்லாமல் இருந்திருக்கிறது.

மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவினேன். மீந்திருக்கும் மின்சாரம் தீர, பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டேன். உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போக, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். பிறகு இருபுறக் கவ்விகளையும் தள்ளி இரண்டு நினைவகப் பட்டைகளையும் எடுத்தேன். அடியில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பூசிய பற்கள் மங்கியிருந்தன.

"தங்கம் மங்குமா?" என்றார் பெரியப்பா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

"தங்கம் மங்காது பெரியப்பா. ஆனா இது வெறும் முலாம். மேகத்து ஈரமும் தூசியும் சேர்ந்து மேலே ஒரு படலம் மாதிரி படியுது. போட்டால் சூடாகுது, நிறுத்தினால் குளிருது. அதுலே தொடர்பு விட்டுப்போகும்."

அவர் தலையாட்டினார். "காப்பிக்கொட்டையும் அப்படித்தான். களத்துல காயப்போட்டு பத்து சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து மூட்டை கட்டுவோம். குடோன்ல சன்னலைத் திறந்துவெச்சா மழைக்காலத்துல மறுபடி ஈரத்தைக் குடிச்சிரும். நிறமே வெளுத்துப்போயிரும்."

அவருடைய மேசையிலேயே பென்சில் ரப்பர் ஒன்று இருந்தது. பற்களை அதனால் மெதுவாகத் தேய்த்தேன். உதிர்ந்த துகளைத் துணியால் துடைத்தேன். செருகு வாயிலிருந்த தூசியை ஒரு வண்ணத் தூரிகையால் தட்டி எடுத்தேன். வாயால் ஊதக்கூடாது, எச்சிலும் ஈரம்தான். ஒரு பட்டையை மட்டும் இருபுறக் கவ்விகளும் தாமாக மூடிக்கொள்ளும்வரை அழுத்திப் பொருத்தினேன்.

பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு சிறிய பீப்.

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. பெரியப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நிறுத்திவிட்டு இரண்டாவது பட்டையையும் பொருத்தி மறுபடி இயக்கினேன். வந்தது. நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னவரின் கையிலும் அன்று ஒரு ரப்பர் இருந்திருக்கலாம்.

*

ஆனால் கணினி முழுமையாக எழவில்லை. அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர எஃப் 1 விசையை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் கேட்டு நின்றது. தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் 3 வோல்ட் மின்கலம் பலவீனமாகியிருந்தது. கணினிக்கு மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். நான் ஒரு மணி நேரம் மின்கம்பியை உருவி வைத்திருந்ததில் எஞ்சியிருந்ததும் தீர்ந்து, கடிகாரம் தன் ஆரம்பத் தேதிக்குப் போய்விட்டது. எஃப் 1 அழுத்தினேன். விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது. மூலையில் தேதி: 1 ஜனவரி 2003.

"பேட்டரி மாத்தணும் பெரியப்பா. சி.ஆர். 2032-ன்னு கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இப்போதைக்குத் தேதியை நான் சரிபண்ணிடறேன்" என்று சுட்டியை நகர்த்தினேன்.

"இருக்கட்டும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாயிரத்து மூணு" என்றார். பிறகு, "நீ வெளியே போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வா கண்ணு. அடுப்புல டிகாக்‌ஷன் இருக்கு."

அவருடைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளத் தனிமை கேட்கிறார் என்று நினைத்தேன். காப்பியைக் கலந்து எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். எதிரே சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. உள்ளேயிருந்து விசைகளின் சத்தம் நெடுநேரம் கேட்டது. அன்று மாலை எல்லாவற்றையும் ஒரு குறுந்தட்டில் பதிந்து கொடுத்தேன். மறுநாள் மின்கலம் மாற்றி, தேதியைத் திருத்தி, பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடச் சொல்லி இறங்கிவந்தேன். சேலை உறை இருக்கட்டும் என்றேன்.

*

பெரியப்பா 2016-இல் காலமானார். காரியம் முடிந்தபின் அக்கா அந்தக் கணினியைக் காட்டி, "அப்பா எழுதினது எல்லாம் எனக்கு வேணும்டா. என் லேப்டாப்புல திறந்தா எழுத்தே தெரியல" என்றாள்.

தெரியாதுதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த டேப் குறியாக்கத்தில் அவர் எழுதியிருந்தார். அக்காலத்தில் டேப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுதினோம். ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உரிய எண்களின்மேல் தமிழ் எழுத்துகளை ஏற்றிவைக்கும் ஏற்பாடு அது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தலைமேல் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகத்தான் தெரியும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபிறகு யூனிகோடு மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. பெரியப்பா மாறவில்லை. நானும் மாற்றிக் கொடுக்கவில்லை. அன்று ரப்பரால் தேய்த்துத் திரையை மீட்டவனுக்கு, இந்த இரண்டாவது இருட்டு உள்ளே காத்திருப்பது தெரிந்திருக்கவேண்டும். தொழிலே எழுத்துருக்களோடுதான். இருந்தும் தோன்றவில்லை.

வன்தட்டைக் கழற்றி என் கணினியோடு இணைத்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள். மாற்றியில் இட்டு யூனிகோடாக்குவது கடினமல்ல. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் எத்தனையோ பேருடைய எழுத்தை இப்படிக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் மாற்றியபின் எழுத்து சரியாக வந்திருக்கிறதா, கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அதற்குப் படித்துத்தான் ஆகவேண்டும். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று வரிகள் மட்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

முதல் வரியில் தேதி. இரண்டாவது வரியில் அன்றைய மழை, தோட்டங்களின் வழக்கப்படி அங்குலத்திலும் சென்டிலும். மூன்றாவது வரி எல்லாக் கோப்புகளிலும் ஒன்றுபோலத் தொடங்கியது, பெரியம்மாவின் பெயரோடு. அதற்குப்பின் வருபவை நினைவுக் குறிப்புகள் அல்ல. எஸ்டேட் வரலாறும் அல்ல. முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் நாளின் கணக்கை ஒப்பிக்கும் எழுத்து.

கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது. உருவாக்கிய நாள் 1 ஜனவரி 2003. அந்தக் கணினியை வாங்குவதற்கும் முந்தைய தேதி. நான் திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியது. பெரியம்மா உயிரோடிருந்த ஒரு தேதியில் உட்கார்ந்து அவர் ஒரே ஒரு முறை எழுதியிருக்கிறார்.

அந்தக் கோப்பையும் மற்றவற்றோடு சேர்த்து மாற்றினேன். எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று அதை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அக்காவிடம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றாள்.