தொழுகையில் தெரிந்த வலி



மனிதனின் உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்றும், அவை ஒவ்வொன்றுக்காகவும் அவன் நன்மை செய்து நன்றி செலுத்த வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து நாம் அறிவோம். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் இந்த ஹதீஸை மனனம் செய்தேன். ஆனால் ஒரே ஒரு மூட்டு பழுதாகிவிட்டால் ஒரு குடும்பமே எப்படித் தடுமாறும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் பதுளையில்தான் கண்கூடாகப் பார்த்தேன்.

சிறு கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரின் மனைவி அவர். வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். மூன்று பிள்ளைகளின் தாய். பெண்களுக்கான மார்க்க வகுப்புக்கு வந்த இடத்தில் என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "தாத்தா, நாற்காலியில இருந்து தொழுதா தொழுகை கூடுமா? மௌலவிக்கிட்ட கேட்டுச் சொல்லுங்களே."

'கூடும்' என்று ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் முப்பது வயதுப் பெண்ணுக்கு நாற்காலி எதற்கு? அதை விசாரித்து வரும்படி மனைவியிடம் சொன்னேன்.

ஒன்றரை வருடமாகவே வலி இருந்திருக்கிறது. சுஜூதிலிருந்து எழும்போது தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் சுரீரென்று குத்தும். சில நேரம் கால் மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இரவில் முழங்கால் வரை வலி இறங்கும். "மூணு பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றிருக்கிறார் மாமியார். எண்ணெய் தடவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஓதிய தண்ணீரும் குடித்தார். டிஸ்பென்சரியில் முழங்காலுக்கு மாத்திரை கிடைத்தது. நோய் முழங்காலில் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். எனவே அந்தச் சகோதரிக்குச் சலுகை உண்டு. ஆனால் சலுகையைத் தந்த அதே மார்க்கம் மருந்து தேடும்படியும் கட்டளையிட்டிருக்கிறது. ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டுவிட நமக்கு உரிமையில்லை. "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்" என்பதே நான் கொடுத்த பத்வா.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எலும்பு மூட்டு விசேட வைத்திய நிபுணர் அதோடு விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் எடுத்து வந்தார்கள். இடுப்பு மூட்டின் உள்ளே இருக்கும் ஒரு சிறு நாரில் கட்டி இருப்பது அதில் தெரிந்தது.

அல்லாஹ்வின் படைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பின் குழி ஒரு கிண்ணம். பந்தில் உள்ள சிறு பள்ளத்தையும் கிண்ணத்தின் அடியையும் ஒரு குட்டையான நார் இணைக்கிறது. வைத்தியர்கள் இதை லிகமெண்டம் டெரெஸ் என்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் அந்தப் பந்துக்கு இரத்தம் கொண்டு போகும் நுண்ணிய குழாய் ஒன்றும் இந்த நார் வழியாகவே செல்கிறது. மூட்டுக்கு வழுவழுப்பான நீரைச் சுரக்கும் மெல்லிய சவ்வு இதைப் போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வில்தான் இந்தக் கட்டி முளைக்கும்.

இந்த வகைக் கட்டியை இப்போது டெனோசைனோவியல் ஜயன்ட் செல் டியூமர் என்று அழைக்கிறார்கள். 1941-ல் அமெரிக்காவில் ஜாஃபே, லிக்டென்ஸ்டைன், சூட்ரோ ஆகிய மூவர் இந்நோயை விரிவாக விளக்கி எழுதினார்கள். பெரும்பாலும் இளவயதினருக்கும் நடுவயதினருக்கும் வருகிறது. முழங்காலில் அதிகம், இடுப்பில் குறைவு, இந்த நாரில் மட்டும் வருவது மிக அரிது. உள்ளே அடிக்கடி இரத்தம் கசிவதால் இரும்புச் சத்து படிந்து கட்டி பழுப்பு நிறமாகிவிடும். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து மூட்டையே கெடுத்துவிடும். இது தொற்றாது. பிள்ளை பெற்றதால் வருவதும் அல்ல. கண்ணேறு உண்மை என்று நாம் நம்புகிறோம். அதற்காக ஒவ்வொரு கட்டிக்கும் அதையே காரணம் சொல்லி வைத்தியத்தைப் பிற்போடுவது அறிவீனம்.

கட்டியை வெட்டி எடுக்க வேண்டும் என்று நிபுணர் சொன்னபோதுதான் வீட்டில் பிரச்சினை எழுந்தது. செலவைப் பற்றி யாரும் பேசவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தானே. ஆண் டொக்டர், அதுவும் இடுப்பில் என்பதே பேச்சாக இருந்தது. ஒருநாள் அஸருக்குப் பின் கணவர் என்னிடம் வந்தார். "அவளுக்கும் விருப்பமில்லை, உம்மாவுக்கும் விருப்பமில்லை. வேற வழி இருக்கா மௌலவி?" என்று தலைகுனிந்து கேட்டார்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற பெண்மணி நபியவர்களுடன் போர்களுக்குச் சென்று, காயமடைந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சிகிச்சையும் செய்தார்கள். இமாம் புகாரி இந்தச் செய்தியைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மருத்துவம் செய்வது பற்றிய சட்டத்தை உலமாக்கள் இதிலிருந்தே எடுக்கிறார்கள். தகுதியான பெண் வைத்தியர் இருந்தால் அவரே முதல். இல்லையென்றால் ஆண் வைத்தியரிடம் போகலாம். கணவரோ மஹ்ரமோ நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடன் இருக்க வேண்டும். தேவைப்படும் இடம் மட்டுமே தேவைப்படும் அளவு திறக்கப்பட வேண்டும். இவற்றை விளக்கிவிட்டு, "வெட்கம் ஈமானில் ஒரு பகுதி, உண்மைதான் தம்பி. ஆனால் உங்கள் மனைவி நொண்டியாவது ஈமானின் பகுதி அல்ல" என்றேன். அவர் கண்கலங்கி எழுந்து போனார்.

ஆபரேஷன் நடந்தது. தியேட்டரில் பெண் தாதியர் உடன் இருந்தார்கள். கட்டியைப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது, அல்ஹம்துலில்லாஹ். சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடந்தார். இன்று பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறார். ஆனால் ஒன்றரை வருடத்தில் எலும்பில் விழுந்த அரிப்பு மாறவில்லை. இப்போதும் நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார முடியாது. கட்டி மீண்டும் வளரக்கூடும் என்பதால் கிளினிக்குக்கும் தவறாமல் போகிறார். அறுவை முடியாதவர்களுக்கென 2019-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் கடும் கண்காணிப்புடனேயே கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே, இடுப்பு வலி எல்லாமே கட்டி அல்ல. பயப்பட வேண்டாம். ஆனால் தொடை இடுக்கில் வாரக்கணக்காக வலி நீடித்தால், கால் பூட்டிக்கொண்டால், நொண்டி நடக்க நேர்ந்தால், இரவில் வலி எழுப்பினால், காரணமில்லாமல் முழங்கால் வலித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் மூட்டில் காசநோயாகவும் இருக்கலாம். முன்பு மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக இடுப்பு வலித்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கோ தாம் காட்டும் கிளினிக்குக்கோ உடனே அறிவிக்க வேண்டும்.

பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கம் நம் கடைகளுக்குச் சாமான் வாங்க வரும் தோட்டத்துப் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். கொழுந்துக் கூடையுடன் நாள் முழுதும் சரிவில் நிற்பவர்கள் அவர்கள். வலித்தாலும் மலை ஏறிய அலுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அவர்களில் ஒருவர் நொண்டி வருவதைக் கண்டால் இரண்டு வார்த்தை விசாரித்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அயலவருக்குச் செய்ய வேண்டிய கடமையில் மதம் பார்ப்பதில்லை.

தொழுகையில் உடல் தரும் செய்தியைக் கவனியுங்கள். ருகூவும் சுஜூதும் நம் மூட்டுகளை ஒவ்வொரு நாளும் சோதித்துப் பார்க்கின்றன. நேற்று முடிந்தது இன்று முடியாவிட்டால் நாற்காலியை எடுங்கள், குற்றமில்லை. ஏன் முடியவில்லை என்பதையும் அன்றே கேளுங்கள். உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நஸீபை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.