கட்டி வைத்த நாயின் நகம்



"சேர், நீங்கள் நாய்க்கு நகம் வெட்டுறீங்களாம், உண்மையோ?" என்று இந்தக் கிழமை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் பகிடியாகக் கேட்டார். மற்றவர் உண்மையான கவலையோடு, "அது நஜீஸ் இல்லையா?" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நாய் வளர்க்கிறவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள்.

"அந்தக் காலத்தில ஆர் நாய்க்கு நகம் வெட்டினது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்து நாய் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தது. எங்கள் மண்ணின் சுண்ணாம்புக் கல்லும் தார் றோட்டும் அதன் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. இன்றைக்கு வேலி போய் மதில் வந்துவிட்டது. பெரிய கேற், டைல்ஸ் பதித்த விறாந்தை, அதன் மூலையில் நாலு முழச் சங்கிலியில் ஒரு நாய். நகம் வளர்வது நிற்கவில்லை. தேய்வதுதான் நின்றுவிட்டது.

நகம் நீண்டால் நாய் நிற்கும்போது அது நிலத்தில் முட்டி விரலை மேலே தள்ளும். நோவுக்குப் பயந்து நாய் பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கப் பழகும். நாள் போக மூட்டுகளுக்கும் சிரமம். டைல்ஸில் நடக்கும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

இதைவிட மோசமானது, முன்னங்காலின் உள்பக்கத்தில் கொஞ்சம் மேலே, எங்கள் பெருவிரல் போல இருக்கிற நகம். நிற்கும்போதும் நடக்கும்போதும் அது நிலத்தில் படுவதில்லை. ஓடித்திரிகிற நாய்க்கும் அது சரியாகத் தேயாது. கவனிக்காமல் விட்டால் வட்டமாகச் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கும். மயிர் மூடியிருப்பதால் வெளியே தெரியாது.

எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா தனியே இருக்கிறா. பிள்ளைகள் கனடாவில். துணைக்கு ஒரு ஊர் நாய், ஏழு வயது. வீட்டுக்கு டைல்ஸ் போட்ட பிறகு நாய் வழுக்கி விழத் தொடங்கியது. பிறகு நொண்டியது. புது டைல்ஸில் கீறல் வேறு. "வயசு போட்டுது, இனி இது காவலுக்கு உதவாது, சந்தையடியில கொண்டுபோய் விடுவம்" என்று உறவுக்காரர் ஒருவர் முடிவு சொல்லி, ஓட்டோவும் பேசியாகிவிட்டது. அக்கா கேற்றடியில் நின்று அழுதா. "தம்பி, இது இல்லாட்டி இரவில எனக்கு ஆர் துணை?" என்று கேட்டா. நாயின் காலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்பக்கத்து நகம் சுருண்டு சதைக்குள் போய், அந்த இடம் சீழ் பிடித்திருந்தது. நாய்க்கு வயதும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு நகம், அவ்வளவுதான்.

ஓட்டோ சந்தையடிக்குப் போகவில்லை, மிருக வைத்தியரிடம் போனது. அவர் அந்த நகத்தை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து தந்தார். "மற்ற நகங்களை வீட்டில வச்சு மெல்ல மெல்லக் குறையுங்கோ" என்றார். அக்காவுக்குக் கை நடுங்கும், கண் பார்வையும் குறைவு. அவ நாயின் தலையைத் தடவிக்கொண்டு இருப்பா, நான் வெட்டுவேன். அப்படித்தான் இந்த வேலை எனக்கு வந்தது.

இனி நஜீஸ் பற்றிய கேள்வி. நான் மௌலவி இல்லை. ஆனால் குர்ஆன் மத்ரஸாவில் எல்லோரும் படித்ததுதான் இது. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த கை காய்ந்த உடம்பில் பட்டால் கழுவ வேண்டியதில்லை. நாய் நனைந்திருக்கிற நாளில் நான் வெட்டுவதில்லை. எச்சில் பட்டால் கழுவுகிறேன். கழுவினால் போகிற ஒன்றுக்காக ஒரு உயிரை நோவோடு விட்டுவிடலாம் என்று நான் எங்கும் படிக்கவில்லை.

படித்தது வேறு. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததால் பாவம் மன்னிக்கப்பட்டவரின் கதையை எல்லோரும் சொல்வோம். பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் ஹதீஸை அவ்வளவாகச் சொல்வதில்லை. அவள் தீனும் போடவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அதனால் தண்டிக்கப்பட்டாள். ஒரு உயிரைக் கட்டி வைத்தால், அது தானாகச் செய்துகொண்டதெல்லாம் கட்டினவரின் பொறுப்பு என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். நிலம் தேய்த்த நகத்தைச் சங்கிலி தேய்க்காது. ஆகவே அதுவும் கட்டினவரின் கடன். எந்தச் சமயத்தவருக்கும் இது பொருந்தும்.

இனி வெட்டுகிற முறை.

நாயின் நகத்துக்குள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் உள்ள ஒரு சதை இருக்கிறது. அதில் வெட்டுப்பட்டால் இரத்தம் வரும், நல்லாக நோகும். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில் தெரியாது. ஒரு அரிசியின் தடிப்புக்கு மட்டும் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரியத் தொடங்கினால் அதோடு போதும். கனகாலம் வெட்டாத நகத்தில் சதையும் சேர்ந்து நீண்டிருக்கும். ஒரே நாளில் குறைக்க நினைக்க வேண்டாம். கிழமைக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வந்தால் உள்ளே இருக்கிற சதையும் பின்வாங்கும்.

நாங்கள் பாவிக்கிற நகவெட்டி நாய்க்குச் சரிவராது, நகத்தை நசித்துவிடும். நாய்க்கென்றே குறடு போன்ற வெட்டி இருக்கிறது. அது கூராக இருக்க வேண்டும். மொட்டையானது நகத்தைப் பிளக்கும்.

அக்காவின் மகள் போன் சார்ஜரில் சார்ஜ் பண்ணக்கூடிய சின்னக் கிறைண்டர் ஒன்று அனுப்பினா. கறுப்பு நகத்துக்கு அது நல்லது, மெல்ல மெல்லத் தேய்ப்பதால் எங்கே நிறுத்துவது என்று பார்க்கலாம். ஆனால் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் சூடேறும். ஒன்றிரண்டு செக்கன் தொட்டு, எடுத்து, திரும்பத் தொட வேண்டும். காலில் நீண்ட மயிர் இருந்தால் அதில் சிக்காமல் ஒதுக்கிப் பிடியுங்கள். தூசி வரும், மாஸ்க் போடுங்கள்.

சத்தத்துக்கு நாய் மிரளும். முதல் சில நாள் கிறைண்டரைப் போடாமல் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தோம். பிறகு தூரத்தில் போட்டுக்கொண்டு அவிச்ச கோழித்துண்டு கொடுத்தோம். பிறகு காலைத் தொட மட்டும். நகத்தில் வைக்க இரண்டு கிழமைக்கு மேல் சென்றது. முதல் நாள் ஒரு நகம்தான். நாலு பேர் சேர்ந்து அமத்திப் பிடித்து வெட்டினால் அடுத்த முறை அது கடிக்கும், அதைக் குற்றம் சொல்ல ஏலாது.

இரத்தம் வந்தால் பதறாமல் சோளமாவை நகத்தின் நுனியில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பதினைந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் போங்கள். சதைக்குள் இறங்கிய நகத்தை வீட்டில் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. விசர்நாய் ஊசி போட்ட, உங்களுக்குப் பழகிய நாய்க்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

அக்காவின் நாய் இப்போது வழுக்குவதில்லை. நொண்டல் முழுதாகப் போகவில்லை, குளிர் நாளில் கொஞ்சம் தெரியும். கேற்றடியில்தான் படுத்திருக்கிறது. சூரத்துல் கஹ்ஃபை வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிறவர்களுக்குத் தெரியும், குகைவாசிகளின் நாயும் முன்னங்கால்களை நீட்டி வாசலில்தான் படுத்திருந்தது.

வீட்டில் நாய் கட்டியிருக்கிறவர்கள் இன்று பின்னேரம் ஒருக்கால் அதன் முன்னங்காலைத் தூக்கி, உள்பக்கத்து மயிரை விலக்கிப் பாருங்கள். வெட்டுகிற விதத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு வரலாம், அக்கா தேத்தண்ணி தருவா. உங்கள் நாயைக் கூட்டிவர வேண்டாம். பார்த்துவிட்டுப் போய் உங்கள் விறாந்தையில், உங்கள் கையால் செய்யுங்கள். நாய் அந்தக் கையைத்தான் நம்பும்.