பஞ்சப்படியும் ஒரு பிரெஞ்சு இன்ஜினியரும்

ஜனவரி, ஜூலை வந்துவிட்டால் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரே பேச்சுதான். "இந்தத் தடவை டி.ஏ. எத்தனை பர்சன்ட்?" குமணன்சாவடியில் மாங்காடு ரோடு பிரியும் இடத்தில் காலை நடை முடிந்து டீ குடிக்க நாலைந்து பேர் சேர்வோம். மெட்ரோ தூண்களைப் பற்றிப் பேசி முடித்ததும் அடுத்த விஷயம் இதுதான். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண், பன்னிரண்டு மாத சராசரி என்று எல்லோரும் சரளமாகச் சொல்வோம். "அது சரி சார், நம்ம வீட்டில் அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நண்பர் ஒருநாள் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். தேடல் என்னைப் பாரிஸ் வரை கொண்டுபோய் விட்டது.

பிரடெரிக் லெ ப்ளே என்று ஒருவர். 1806இல் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில், ஓன்ஃப்ளர் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா சுங்க இலாகாவில் சின்ன உத்தியோகஸ்தர். மகனுக்கு விவரம் தெரிவதற்குள் காலமாகிவிட்டார். பையன் படிப்பில் கெட்டிக்காரன். பாரிஸின் பாலிடெக்னிக்கிலும் பிறகு சுரங்கக் கல்லூரியிலும் படித்து சுரங்க இன்ஜினியர் ஆனான். 1829இல் ஒரு நண்பனோடு ஜெர்மனியின் சுரங்கப் பகுதிகளைப் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றினான். பார்க்கப் போனது உலைகளையும் தாதுக்களையும். ஆனால் அந்த உலைகளில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலும் கண் போயிற்று.

மறு வருஷம் ரசாயன ஆய்வுக்கூடத்தில் விபத்து. இரண்டு கைகளும் வெந்து, மாதக்கணக்கில் படுக்கை. அதே 1830 ஜூலையில் பாரிஸ் தெருக்களில் புரட்சி வெடித்து ரத்தம் ஓடியது. படுத்த படுக்கையாக இருந்தபோதுதான், ஜனங்கள் ஏன் இப்படி மோதிக்கொள்கிறார்கள், எந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது, ஏன் என்று ஆராய்வதே தன் வாழ்க்கை வேலை என்று முடிவு செய்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கைகளில் தழும்பு கடைசிவரை இருந்தது.

உத்தியோகத்தை அவர் விடவில்லை. 1840இல் சுரங்கக் கல்லூரியில் உலோகவியல் பேராசிரியர் ஆனார். வருஷத்தில் பாதி பாடம், மீதி பயணம். ஸ்பெயின், ரஷ்யா, இங்கிலாந்து என்று எங்கே போனாலும் ஒரு தொழிலாளியின் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு பல நாட்கள் பழகி, வரவு செலவை வரி வரியாக எழுதுவார். உரால் மலை ஓரத்து மேய்ப்பர், ஷெஃபீல்டில் கத்தி செய்கிறவர், பாரிஸில் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர் என்று 36 குடும்பங்கள். 1855இல் 'ஐரோப்பியத் தொழிலாளர்கள்' என்ற பெரிய புத்தகமாக வந்தது. சுமார் 25 வருஷ உழைப்பு.

அவர் கணக்கு எழுதிய விதம்தான் எனக்குப் பிடித்தது. இன்ஜினியர் அல்லவா? உலையில் போட்ட தாதுவும் வெளியே வந்த உலோகமும் கசடும் எடையில் ஒத்துப்போக வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். குடும்பத்துக்கும் அதே தராசு. கூலி மட்டும் வரவு இல்லை. கொல்லைக் காய்கறி, இலவசமாகப் பொறுக்கிய விறகு, மனைவி வீட்டில் செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் விலை போடுவார். வரவும் செலவும் ஒத்துவரவில்லை என்றால் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மறுபடி உட்கார்ந்து கேட்பார்.

இதைப் படித்ததும் பரணில் இருந்த அம்மாவின் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. எழுபதுகளில் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நாங்கள் நாலு பிள்ளைகள். லெ ப்ளே மாதிரி ஒரு மாதத்தைக் கூட்டிப் பார்ப்போமே என்று 1976 ஜூனை எடுத்தேன். அப்பா சம்பளம் 312 ரூபாய். செலவு 386. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். யூனிஃபாரம், நோட்டு, பஸ் பாஸ். 74 ரூபாய் இடிக்கிறது. வரவுப் பக்கத்தில் ஓரமாகச் சின்னதாக "வ. 75" என்று மட்டும் இருந்தது. அடுத்தடுத்த மாதங்களில் செலவுப் பக்கத்தில் "வ. வட்டி". போன வருஷம் ஜூனிலும் அதே "வ.", தீபாவளிக்குள் "வ. மீட்டது". புரிந்துவிட்டது. வளையல். பூந்தமல்லி சேட்டு கடைக்குப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. 1978க்குப் பிறகு "வ." இல்லை, மீட்டதாகவும் எழுதவில்லை. அம்மா கையில் கண்ணாடி வளையல் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணக்கு சொல்லிவிட்டது.

சரி, டி.ஏ.வுக்கு வருகிறேன். லெ ப்ளேயிடம் பாரிஸில் பழகிய ஜெர்மானியர் ஒருவர், எர்ன்ஸ்ட் எங்கல். (மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வேறு!) அவர் லெ ப்ளேயின் குடும்பங்களையும், பெல்ஜியத்தில் எடுத்த தொழிலாளர் குடும்பக் கணக்குகளையும் வைத்துக்கொண்டு 1857இல் ஒரு விதி சொன்னார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்கே போய்விடும். இன்றும் பொருளாதாரப் பாடத்தில் அது எங்கல் விதி.

நம் குறியீட்டெண்ணும் அந்த வழியில்தான் வருகிறது. முதலில் தொழிலாளர் குடும்பங்களிடம் வீடு வீடாகச் செலவைக் கேட்டு, எந்தப் பொருளுக்கு எத்தனை பங்கு என்று எடை போடுகிறார்கள். பிறகு மாதாமாதம் கடைகளில் விலை எடுத்து அந்த எடையால் பெருக்குகிறார்கள். 2001ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் உணவுக்கு 46.2 சதவீத எடை. 2016 வரிசையில் அது 39.17. எங்கல் சொன்னது நம் நாட்டுத் தொழிலாளி வீட்டிலும் நடந்திருக்கிறது.

லெ ப்ளே சொன்னதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்தில் அப்பாவின் அதிகாரம், மதம், பழைய ஒழுங்கு இவை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்ன சட்டத்தை எதிர்த்தார். குடும்பங்களையும் அவரே 'மாதிரி' என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அந்தக் குறையை நீக்க, குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் கலை பிறகு வந்தது. நம் நாட்டில் 1950இல் மகலனோபிஸ் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அப்படிப்பட்டது. அதற்கும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் எழுதிய ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்கு இன்றுவரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

ஆனால் லெ ப்ளேயின் ஏட்டில் இருந்த சில விஷயங்கள் குறியீட்டெண்ணில் கிடையாது. கடனும் வட்டியும் நுகர்வுச் செலவு இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அம்மாவின் "வ. வட்டி" எந்த டி.ஏ.விலும் ஏறியிருக்காது. இன்னொன்று, அந்தக் குடும்பங்கள் ஆலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே போன்ற இடங்களில் வேலையில் இருப்பவர்களுடையவை. எழுபது வயதில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கி, கண்ணுக்கு ஆபரேஷன் செய்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைகிற வீட்டின் பட்ஜெட் அதில் இல்லை. நமக்குக் கிடைக்கும் நிவாரணம் வேறொருவர் வீட்டுச் செலவில் போட்ட கணக்கு.

டீக்கடை நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம கணக்கை யார் எழுதுவது?" என்றார். இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். பிள்ளைகள் அனுப்புவது, ரேஷன் அரிசி, மொட்டைமாடி முருங்கை எல்லாம் வரவில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் வீட்டில் மருந்து மட்டும் ஏற்கெனவே பென்ஷனில் கால்வாசியைத் தாண்டிவிட்டது. மூன்று மாதம் எழுதிப் பார்த்துவிட்டு, எங்கள் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் வைப்பதாக இருக்கிறோம். படிக்கிற நீங்களும் எழுதலாம்.