எஸ்டிமேட் புராணம்

பொய் சொல்வதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளுள் மிகவும் கௌரவமானது எஸ்டிமேட் என்பது என் அபிப்பிராயம். அதில் பொய் என்று எதுவும் இராது. சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இராது, அவ்வளவுதான். கல்யாணச் சமையல்காரரின் எஸ்டிமேட்டில் வாழை இலை இராது. கொத்தனாரின் எஸ்டிமேட்டில் சாரக்கட்டு இராது. வேலை பாதி நடக்கும்போது அவை ஒவ்வொன்றாக எழுந்து வந்து கை நீட்டும்.

குற்றாலத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தையெல்லாம் போட்டுப் பதினொரு அறைகள் கொண்ட ஒரு விடுதியை வாங்கினார். குற்றாலத்தில் விடுதி நடத்துவது விவசாயம் மாதிரி. ஆனியிலும் ஆடியிலும் சாரல் விழுந்தால்தான் வருஷம் முழுவதும் சோறு. அருவியில் தண்ணீர் விழும்போது அறை தயாராக இல்லாவிட்டால், அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முன்பெல்லாம் அறை கேட்டு வருகிறவர்கள், "வெந்நீர் உண்டா?" என்பார்கள். இப்போது, "வைஃபை உண்டா?" என்கிறார்கள். ஆகவே பழைய டி.வி.க்களை மாற்றி, வாசலிலும் மாடிப்படியிலும் கேமரா வைத்து, எல்லா அறைகளுக்கும் இணையம் கொடுப்பது என்று நண்பர் தீர்மானித்தார். மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஓய், நீர் நாவல் எழுதுகிறவர். எது கற்பனை, எது நிஜம் என்று உமக்குத் தெரியும். இதைப் படித்துச் சொல்லும்" என்றார்.

முதலாவது ஒரு துண்டுச் சீட்டு. "டி.வி., கேமரா, வைஃபை, எல்லாம் சேர்த்து ரூ. 2,35,000" என்று ஒரே வரி. இரண்டாவதற்குக் காகிதமே இல்லை. "அண்ணாச்சி, நமக்குள்ள என்ன கணக்கு? பார்த்துப் போட்டுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விட்டாராம். மூன்றாவது, தென்காசி ரத வீதியில் சிறு கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் கொடுத்தது. இரண்டு பக்கம். மொத்தம் ரூ. 2,78,000.

அந்த இளைஞர் அரை நாள் விடுதியில் இருந்து அளந்திருக்கிறார். குரங்குகள் எந்தப் பக்கமாக வருகின்றன என்று விசாரித்திருக்கிறார். வெளியே ஓடும் கம்பியெல்லாம் குழாய்க்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் குரங்கு பிய்த்துவிடும் என்று எழுதியிருந்தார். கம்பி சுத்தத் தாமிரம் என்றும் குறித்திருந்தார். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கம்பி ஒன்று சந்தையில் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிளேடால் சுரண்டினால்தான் உள்ளே வெள்ளை தெரியும். விலை குறைவு, ஈரக் காற்றில் ஆயுளும் குறைவு. கேமராப் பதிவு எத்தனை நாள் நிற்கும், சுவரை உடைத்தபின் பூசுவது யார் பொறுப்பு, எல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருந்தன.

நண்பரின் கண்ணோ ஒரே வரியில் போய் நின்றது.

"கூலி 38,000 போட்டிருக்கானே, பார்த்தீரா? இதைப் பாதியாக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பட்டியலை அப்படியே அந்த 2,35,000 ஆளிடம் கொடுத்து, இதன்படி செய்யச் சொல்லிவிடுவேன்."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டுச் சீட்டுக்காரரும் கூலி வாங்கத்தான் போகிறார். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அவரிடம் பேரம் பேச இடமில்லை. திறந்து காட்டியவனின் கையைத்தான் நாம் முறுக்குகிறோம். மூடி வைத்தவனுக்குக் கும்பிடு போட்டுப் பணம் கொடுக்கிறோம். பிறகு, உலகத்தில் ஒளிவுமறைவு இல்லாத வியாபாரியே கிடையாது என்று புலம்புகிறோம். அந்த இளைஞர் இரண்டு தடவை இப்படி அடிபட்டால், மூன்றாவது தடவை அவரும் துண்டுச் சீட்டுத்தான் எழுதுவார்.

இது குற்றாலத்து விவகாரம் மட்டும் அல்ல. என் மருமகன் ஒருவன் துபாயில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளில் இதே டி.வி., இணைய வேலைகளைச் செய்கிறான். அங்கேயும் எஸ்டிமேட்டில் சாதனங்களின் விலைதான் பளிச்சென்று தெரியுமாம். மரப் பலகைகளைக் கழற்றிக் கம்பி இழுத்துத் திரும்பப் பொருத்தும் செலவு கடைசியில்தான் தலை காட்டுமாம். படகின் நீளத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களும் உண்டு என்றான். நம் ஊரில் வாசலில் நிற்கும் காரைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

அரசாங்க டெண்டர்களில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டே ஒரு சட்டம் இயற்றினார்கள். என்ன வேண்டும் என்பதை வாங்குகிறவர் முதலில் எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை. பதினொரு அறை விடுதிக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

"அவர் அளந்த கணக்கு அவருடைய சொத்து. அதை இன்னொருவரிடம் கொடுக்காதீர். உமக்கு என்ன வேண்டும் என்பதை நீரே எழுதி மூவருக்கும் கொடும்" என்றேன்.

நண்பர் ஆசிரியர் அல்லவா? கேள்வித்தாள் தயாரிப்பது போல உட்கார்ந்து எழுதினார். எத்தனை அறை, எத்தனை கேமரா, சுத்தத் தாமிரக் கம்பி, குழாய், பூச்சு வேலை யாருடையது, பழுதானால் எத்தனை நாளில் வருவீர்கள், பணம் எத்தனை தவணை. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையிலேயே வரி அடக்கம். அதற்கு மேல் வரி என்று கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தார்.

2,35,000 ரூபாய்க்காரர் அதைப் படித்துவிட்டு 2,96,000 என்றார். காப்பி குடித்தவர் திரும்பி வரவேயில்லை. தென்காசி இளைஞர் மட்டும், "மாடியில இரண்டு கேமரா தேவையில்லை சார், ஒன்றே போதும்" என்று சொல்லித் தாமாகவே கொஞ்சம் குறைத்தார். கூலியைக் குறைக்கவில்லை. நண்பரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனி பிறக்குமுன் வேலை முடிந்தது.

பணம் கொடுக்கத் தென்காசிக்குப் போனபோது நானும் உடன் போனேன். கடைத் தெருவிலிருந்து நிமிர்ந்தால் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரிகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில். சிதைந்து பல காலம் மொட்டையாக நின்ற கோபுரம் 1990-ல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. கோயிலைக் கட்டிய அரசன் அங்கே ஒரு செய்தியைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாகச் சொல்கிறான்.

பழுது பார்க்கிறவனை ஒரு ராஜா பணிந்திருக்கிறான். அவன் கூலியில் பாதியைப் பிடிக்காமலாவது நாம் இருக்கலாம்.