முரசுமோட்டையில் ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிள்

கண்டி வீதியிலே பரந்தன் சந்தியில் இறங்கிக் கிழக்கே திரும்பினால், முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதி தொடங்குகிறது. அவ்வீதியில் சிறிது தூரம் சென்றதும், வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்திருக்கும் ஊர் முரசுமோட்டை. மோட்டை என்பது நீர் தங்கி நிற்கும் சிறு குளத்தைக் குறிக்கும் வன்னிச் சொல். ஆகவே ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. இரணைமடு நீரால் இப்பகுதியின் வயல்கள் விளைகின்றன. 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நீரே பெருவெள்ளமாகி வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

நாம் அங்கே சென்றது வயல் பார்ப்பதற்கன்று. பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைப் பார்ப்பதற்கு. எமது தங்கை அவ்வூரில் வாழ்க்கைப்பட்டவள். காலபோக அறுவடை முடிந்து, கடன்களும் தீர்ந்து, அவர்களிடம் சிறு தொகை எஞ்சியிருந்தது. அடகிலிருக்கும் காப்பை அதைக் கொண்டு மீட்பதா, மகனுக்கு வண்டி வாங்குவதா என்பதே வீட்டில் எழுந்த கேள்வி. மருமகன் அறிவியல்நகரிலுள்ள விவசாய பீடத்திலே படிப்பவன். நாள்தோறும் பஸ் மாறிச் செல்ல வேண்டும். மாலையில் தகப்பனுக்கு உரப்பை ஏற்றவும் ஒரு வண்டி வேண்டும்.

"காப்பு இன்னும் ஒரு வரியம் அடகிலை கிடக்கட்டும் அண்ணா. பிள்ளை நேரத்துக்குப் போகட்டும்," என்றாள் தங்கை.

இச்சொல்லைக் கேட்டபின், நன்கு ஆராயாமல் அப்பணத்தைக் கொடுக்க எமக்கு மனம் துணியவில்லை.

விலைக்கு இருந்தவை இரண்டு வண்டிகள். இரண்டும் வடபகுதி மக்கள் நன்கறிந்த ஹொண்டா எம்.டி. 90 வகையைச் சேர்ந்தவை. யப்பானிலே தபாற்காரர் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி இது; அங்கே உழைத்து ஓய்ந்தபின் கப்பலேறி இங்கு வந்தது. கையாற் பிடிக்கும் கிளச்சு இதற்கில்லை. சுமையுடன் நின்று நின்று செல்லும் தொழிலுக்கு ஏற்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே வழி மீண்டும் திறந்தது. இடைக்காலத்திலே பழைய வண்டிகளும் பொன்விலை பெற்றன.

முதல் வண்டி புதுமணப்பெண் போல மின்னியது. சிவப்பு வர்ணம் புத்தம் புதிது. நாம் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தோம், சுட்டது. வாங்க வருபவர் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கப்பட்ட எஞ்சின், குளிரில் எழும்ப மறுக்கும் தன் குறையை ஒளித்துவிடும். மருமகன் உதைத்ததும் அது உடனே முழங்கிற்று. ஆயினும் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை ஓயாது வந்தது. கரும்புகை என்றால் பெற்றோல் மிகுதியாக எரிகிறது. பெரும்பாலும் சிறு செலவில் சரிசெய்துவிடலாம். நீலப் புகையோ ஒயில் எரிவதன் அடையாளம். எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய நேரலாம். கைபிடிக்குக் கீழே சட்டத்தின் கழுத்துப் பகுதியில், வர்ணத்துக்கு அடியில், ஒட்டுவேலையின் தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. புத்தகத்தைக் கேட்டோம். அதிலிருந்த பெயர் விற்பவருடையதன்று, அவருக்கு விற்றவருடையதுமன்று. "பேரை மாத்துறது ஒரு வேலையே, பிறகு பாக்கலாம்," என்றார் அவர். நாம் வணக்கம் கூறி வெளியேறினோம்.

இரண்டாவது வண்டி ஒரு முதிய கமக்காரருடையது. வர்ணம் மங்கியது, இருக்கையின் உறை தைக்கப்பட்டது. எஞ்சின் குளிர்ந்திருந்தது. நாம் எதுவும் கேட்குமுன்னரே அவர் கூறினார்:

"தம்பி, ஒளிக்காமல் சொல்லுறன். உது வெள்ளத்துக்கை மூண்டு நாள் நிண்டது."

மருமகனின் முகம் வாடிற்று. நாம் மேலும் விசாரித்தோம். வெள்ளம் வடிந்ததும் அவர் வண்டியை உதைக்கவில்லையாம். ஒயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, உள்ளிருந்த நீரை வெளியேற்றி, புது ஒயில் ஊற்றிய பின்னரே எழுப்பினாராம். சில்லுகளின் பெயாரிங்குகளையும் வயர்களையும் மாற்றினாராம். நாம் ஒயிலைப் பார்த்தோம். பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்று பொருள். அது அவ்வாறு இருக்கவில்லை. முன்சில்லைத் தூக்கிக் கைபிடியைத் திருப்பினோம், எங்கும் தடங்கவில்லை. செயின் பற்சக்கரத்தின் பற்கள் மட்டும் கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தன. ரயர்களின் பக்கங்களில் வெடிப்புகள் தென்பட்டன.

பின்னர், மருமகனின் பின்னே நாமும் ஏறி, வாய்க்காற் கட்டின் சரிவிலே ஓட்டச் செய்தோம். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளச்சுத் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். இருவர் பாரத்துடனும் வண்டி நிதானமாக மேலேறிற்று.

கடைசியாகப் புத்தகத்தைக் கேட்டோம். முதியவர் உள்ளே சென்று, கட்டப்பட்ட ஒரு பொலித்தீன் பையுடன் வந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், அவற்றோடு வண்டியின் புத்தகம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வீதி வழியாகவே மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தார்கள். வீடும் மாடும் வாகனமும் வழியிலே கைவிடப்பட்டன. பத்திரங்களை இழந்தவர்கள் பின்னர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அன்று கற்ற பாடத்தால், மீள்குடியேறி வாங்கிய இவ்வண்டியின் புத்தகத்தையும் அவர் அப்பையிலேயே வைத்திருந்தார். வெள்ளம் வந்த இரவில் அவர் முதலில் தூக்கியது அப்பையைத்தான். வண்டி நனைந்தது, புத்தகம் நனையவில்லை.

பெயர் அவருடையதே. எஞ்சின் இலக்கமும் சட்டத்தின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்திருந்தன; அரம் பட்ட அடையாளம் இல்லை. கடன் நிறுவனம் எதற்கும் அதில் உரிமை இருக்கவில்லை.

கேட்ட விலையோடு இரண்டு ரயர்கள், செயின், பற்சக்கரங்கள் ஆகியவற்றின் செலவையும் கூட்டினோம். அதுவே வண்டியின் உண்மை விலை. அப்படியும் அது முதல் வண்டியின் விலையை எட்டவில்லை. எஞ்சிய பணம் காப்பை மீட்கப் போதாதாயினும், அடகின் ஒரு பங்கைக் குறைக்கப் போதுமானது.

மாணவ நண்பர்களே, பழைய வண்டி வாங்கச் செல்லும்போது, குறையில்லாத வண்டியைத் தேடி அலையாதீர்கள். அதன் குறை எது, அதைத் தீர்க்க எவ்வளவு செல்லும் என்று கணக்கிடுங்கள். கணக்கில் அடங்காத குறைகள் இரண்டு: ஒட்டிய சட்டமும் ஒவ்வாத புத்தகமும். இவற்றைக் கண்டால் திரும்பிவிடுங்கள்.

முதியவர் கையொப்பமிட்டுப் புத்தகத்தைத் தந்தார். பையை மட்டும் தரவில்லை. வீடு வந்ததும் தங்கை தன் பெட்டியைத் திறந்து, தன் பொலித்தீன் பையை எடுத்தாள். மகனின் பிறப்புச் சான்றிதழுக்கு மேலே அப்புத்தகத்தை வைத்து, இறுகக் கட்டினாள்.