தோலால் கெடும் நுணல்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கு யார் உணவளிக்கிறார் என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வியந்திருக்கிறார்கள். கல்லுக்குள் அது தனியாக இருக்கிறதே, அதற்குத் துணை யார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது என் மகளிடமிருந்துதான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

நாங்கள் ஒஹாயோவுக்குக் குடிவந்த முதல் வருடம் அது. பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது தான் வளர்த்த தேரையைக் கண்ணாடித் தொட்டியோடு இவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அமெரிக்கத் தேரை என்பதே அதன் பெயர். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் வீட்டுத் தோட்டங்களில் வெகு சாதாரணமாகக் காணக்கிடைப்பது. உள்ளங்கையில் அடங்கும் உருவம், மண் நிறம், முதுகெல்லாம் கொப்புளம். ஊரில் என்றால் சொறித்தவளை என்று சொல்லித் துடைப்பத்தால் வெளியே தள்ளியிருப்போம். தொட்டியில் பரப்ப வாங்கிய தேங்காய் நார்த்தூள் இலங்கையிலிருந்து வந்திருந்தது. எனக்கும் அந்தத் தொட்டிக்கும் தொடக்கத்தில் இருந்த உறவு அவ்வளவுதான்.

பகலெல்லாம் அது பின்னங்கால்களால் நார்த்தூளைத் தோண்டிப் பின்பக்கமாகவே இறங்கி, கண்கள் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். இரவில் வெளிவந்து, சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவிய சிள்வண்டுகளை நாக்கை வீசிப் பிடிக்கும். விழுங்கும்போது கண்களை மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். இரையைத் தொண்டைக்குள் தள்ளுவதற்குத் தேரை தன் விழிகளையும் பயன்படுத்துகிறது. தன் தோலை உரித்து அதையும் தின்றுவிடும். வேறு வேலை எதுவும் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்பா, அது எப்பவும் தனியாவே இருக்கு. பாவம் இல்லையா?" என்றாள் மகள்.

கடையில் தீவயிற்றுத் தேரைகளைப் பார்த்து வைத்திருந்தாள். கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வாழ்பவை. முதுகு பாசிப்பச்சை, வயிறு செம்மையும் கருமையும் கலந்தது. மிரண்டால் உடலை வளைத்து அந்த வயிற்றின் நிறத்தைக் காட்டும். இரண்டை வாங்கி இதே தொட்டியில் விடலாம் என்பது அவள் திட்டம். "எல்லாம் டோட்தானே அப்பா."

புதிய பள்ளியில் மதிய உணவின்போது யாருடன் உட்கார்வது என்பது அந்த மாதங்களில் அவளுக்கு அன்றாடம் எழுந்த சிக்கல். ஆகவே அவள் தேரையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அறிந்தே நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தேரைக்குத் தனிமை இயல்பு என்று சொன்னால் அது அவளுக்கும் சொன்னதாகிவிடக் கூடாது. தப்பிப்பதற்கு ஒரே வழிதான் தெரிந்தது. தேரையைப் பற்றி, தேரையை மட்டுமே பற்றி, உள்ளபடி அறிந்துகொள்வது. இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம்.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருந்தது. 'டோட்' என்ற ஆங்கிலச் சொல் தோல் தடித்த, குட்டையான எதையும் குறித்துவிடுகிறது. அமெரிக்கத் தேரை ஒரு குடும்பம். தீவயிற்றுத் தேரையோ வேறு குடும்பம், மிகப் பழைய கிளை. அதன் நாக்கு வட்டத்தட்டு போல வாயின் அடியில் ஒட்டியிருக்கும், வீச முடியாது. இரை மீது பாய்ந்து வாயால்தான் கவ்வ வேண்டும். அது வாழ்வது பாதி நீரில். மற்றதற்கோ காய்ந்த மண்ணும் ஒரு தட்டு நீரும் போதும். ஒன்றுக்கு ஏற்ற ஈரத்தில் மற்றதற்கு நோய் வரும். அளவிலும் பொருத்தமில்லை. தேரையின் அறிவு எளியது: அசைந்தால், வாயில் கொண்டால், அது உணவு.

ஆனால் இவையெல்லாம் பெரிய தொட்டி ஒன்றால் ஓரளவு சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது தோல்.

நுணல் தன் வாயால் கெடும் என்று நமக்குத் தெரியும். தொட்டியில் அது கெடுவது தோலால். தேரை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றிலும் தொடைகளிலும் மெல்லிய தோல் இருக்கிறது. ஈரத்தில் அதை அழுத்தி உட்கார்ந்தால் நீர் உள்ளே போய்விடும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. அதே தோல்தான் நஞ்சையும் சுரக்கிறது. கண்களுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. தீவயிற்றுத் தேரையின் நஞ்சு வேறு வகை. அதன் ஐரோப்பிய உறவினரின் தோலிலிருந்து 1970களின் தொடக்கத்தில் இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமரின் குழு ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அந்தத் தேரையின் பெயராலேயே பாம்பெசின் என்று அழைத்தது. பாலூட்டிகளின் வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடிய பொருள் அது. ஒன்று கசியவிடும் நீரில்தான் மற்றது வயிற்றை வைத்து உட்கார வேண்டும். ஒரே தொட்டியில் இருப்பது என்றால், அடுத்தவரின் வியர்வையை நாளெல்லாம் குடித்துக்கொண்டிருப்பது.

"பல வருஷம் சேர்த்து வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்று சொல்பவர்கள் எப்போதும் உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கத் தேரையும் ஃபவுலர் தேரையும் இயற்கையிலேயே ஒரே குளத்துக்கு வருகின்றன, சில வேளைகளில் கலந்து இனம்பெருக்கவும் செய்கின்றன. ஆனால் குளத்துக்குச் சுவர் இல்லை. பிடிக்காவிட்டால் போய்விடலாம். தொட்டியில் அந்த ஒன்றுதான் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கைட்ரிட் என்ற பூஞ்சை தவளைகளின் தோலைத் தின்கிறது. தோல் வழியாக நடக்கும் உப்புகளின் போக்குவரத்து குலைந்து கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 1999இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டபோது ஆராயப்பட்ட மாதிரி காட்டிலிருந்து வந்ததல்ல. வாஷிங்டனின் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் வளர்க்கப்பட்டு இறந்த நீல நச்சுத்தவளை ஒன்றிலிருந்து எடுத்தது. 2018இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று அதன் பிறப்பிடம் கொரியத் தீபகற்பமாக இருக்கக்கூடும் என்றது. அந்தப் பகுதியின் தீவயிற்றுத் தேரைகளிலும் அது காணப்பட்டது. அங்கே அவை அதனுடன் வாழப் பழகிவிட்டவை. வணிகத்தில் விலங்குகள் கண்டம்விட்டுக் கண்டம் போனதில் பூஞ்சையும் உடன் போனது. 2019இல் வெளியான கணக்கின்படி 501 இனங்கள் அதனால் நலிந்தன. அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. இந்த எண்ணிக்கை பற்றி விவாதங்கள் உண்டு, அழிவைப் பற்றி இல்லை. அதன்பிறகு, "பேசாமல் இதைத் தோட்டத்தில் விட்டுவிடலாமே" என்று நான் இரண்டொரு முறை யோசித்ததையும் விட்டுவிட்டேன். தொட்டியில் வருடக்கணக்காக இருந்தது எதைச் சுமந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் என்னுள் இருக்கும் இலக்கிய வாசகன் விழித்துக்கொண்டான் என்பதைச் சொல்லியாக வேண்டும். பல தேசத்துத் தேரைகள், ஒரே தொட்டி. புலம்பெயர்ந்தவன் கையில் கிடைத்தால் விடுவானா? கலந்து வாழ்தல் பற்றி உருக்கமான ஒரு சிறுகதை எழுதிவிடலாம். ஆனால் தேரையின் உண்மை நிலை அந்தக் கதைக்கு இடம் தராது. அடுத்த கணமே நேர்மாறான கதை வந்து நின்றது. அவரவர் இடத்தில் அவரவர் இருப்பதே இயற்கை நியதி என்று. இதைத்தான் நான் அதிகம் அஞ்சினேன். நம் ஊரில் அந்தக் கதைக்குப் பல நூறு வருடங்களாகவே வாசகர்கள் இருக்கிறார்கள், தீட்டு என்ற சொல்லோடு காத்திருக்கிறார்கள். மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம். நம் தோல் வழியாக யாரும் யாரையும் குடிப்பதில்லை. தேரையிலிருந்து மனிதனுக்குப் பாலம் கட்டுகிறவர் எந்தக் கரையிலிருந்து கட்டினாலும் அவரை நான் நம்புவதில்லை.

கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூலில் (1789) ஒரு தேரை வருகிறது. சில சீமாட்டிகள் அதற்குப் புழுக்களை ஊட்டிப் பல கோடைகள் வளர்த்தார்கள். தோட்டப் படிக்கட்டின் கீழிருந்து மாலைதோறும் வெளிவரும். மேசை மேல் வைத்து ஊட்டுவார்கள். அது தனித்திருந்ததாக எவரும் வருந்தவில்லை. கடைசியில், வளர்ப்பு அண்டங்காக்கை ஒன்று கொத்தியதில் ஒரு கண்ணை இழந்து, நலிந்து இறந்தது. மகளுக்கு இதைச் சொன்னபோது, "அந்தக் காக்காவை யாரு உள்ள விட்டாங்க?" என்று கேட்டாள்.

அவளே முடிவெடுத்தாள். பிறந்தநாள் பணத்தில் இரண்டாவது தொட்டியை வாங்கி வேறு அறையில் வைத்தாள். நீலப் பட்டை ஒட்டிய கரண்டி ஒரு தொட்டிக்கு, சிவப்புப் பட்டை மற்றதற்கு. ஒன்றைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்ற அறைக்குள் போனால் எனக்கும் திட்டு விழும். தீவயிற்றுத் தேரைகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஆண் மட்டும் மாலையில் மெல்ல முனகும்.

எங்கள் அமெரிக்கத் தேரை பெண். தொண்டை கறுக்கவில்லை, குரலும் இல்லை. ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மழைநீர்க் குட்டையில் அவற்றின் ஆண்கள் கூவத் தொடங்கின. இழை அறாமல் அரை நிமிடம் வரை நீளும் ஒற்றைச் சுரம். ஜன்னல் திறந்திருந்தது. தேரை நார்த்தூளிலிருந்து முழுவதுமாக வெளியேறி, முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, கண்ணாடியை ஒட்டி நின்றது.

"அதுக்குக் கேக்குதுப்பா" என்றாள்.

ஜன்னலை மூடிவிடலாமா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. விளக்கை மட்டும் அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.